சோதனை எடை

ஷோரூமிலிருந்து அழைப்பு வந்தபோது அவள் மருத்துவமனை மருந்தகத்தின் ஜன்னலுக்குப் பின்னால் நின்று மாத்திரை அட்டை ஒன்றைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். மணியடித்தது கணவருடைய தொலைபேசி. அவர் போன பிறகும் அது அவள் கைப்பையில்தான் கிடந்தது. தினமும் அதற்கு சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"சார் இருக்காங்களா?" என்றது ஓர் இனிப்பான குரல்.

"அவர் தவறிட்டார். என்ன விஷயம்?"

"ஐயோ, ரொம்ப வருத்தம்." குரல் ஒரு மூச்சு அளவுக்கு வருந்தியது. பிறகு தொழில் முந்திக்கொண்டது. "சார் ரெண்டு வண்டி பார்த்து வச்சிருந்தார். பெட்ரோல் எஸ்.யூ.வி. ஒண்ணு, எலெக்ட்ரிக் கார் ஒண்ணு. எதுன்னு மேடம் வந்து சொல்லுவாங்க, கடைசி முடிவு அவங்களோடதுன்னார். அந்த மேடத்தோட நம்பர் கிடைக்குமா?"

"எந்த மேடம்?"

"சார்கூட ஓட்டிப் பார்க்க வந்தாங்களே, அவங்க வைஃப்."

கத்தரிக்கோல் நின்றது. அந்த ஷோரூம் வாசலை அவள் மிதித்ததே இல்லை.

"நான்தான் அவர் வைஃப்."

"ஓ" என்றார் அந்த ஆள். அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் அடி வாங்கியவன் சமாளிக்கிற பேச்சாக இருந்தது. நாளைக்கு வருவதாகச் சொல்லி அவள் தொலைபேசியை வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே நின்றவர், "அம்மா, இது சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று மறுபடி கேட்டார். அவள் வாழ்நாளில் முதல்முறையாக அட்டையைத் திருப்பிப் படித்துப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னாள்.

அவள் கணவர் லிஃப்ட் ஆய்வாளர். ஊரிலுள்ள உயரமான கட்டடங்களிலெல்லாம் ஏறி இறங்கி, கம்பிவடம் தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்பது அவர் வேலை. அப்படிப்பட்ட மனிதர் குடும்பத்துக்குத் தேடிப் பிடித்தது தரைத்தள வீடு. "ஏன்டா, உன் கையெழுத்து போட்ட லிஃப்ட்ல நீயே ஏற மாட்டியா?" என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். "கையெழுத்து போட்டவனுக்குத்தானே தெரியும்" என்பார். சிரிக்காமல் நகைச்சுவை சொல்கிறவர். அதனாலேயே அவர் எப்போது உண்மை சொல்கிறார், எப்போது விளையாடுகிறார் என்று முப்பது வருஷம் குடும்பம் நடத்தியும் அவளுக்குப் பிடிபடவில்லை.

கடைசி மாதங்களில் அவருடைய விளையாட்டு பெட்ரோல் எஸ்.யூ.வி. காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவியபடியே வண்ணப் புத்தகத்தைப் பிரித்து, ஏதோ புராணம் வாசிப்பதுபோல் குதிரைத்திறனையும் இழுவைத்திறனையும் உரக்க வாசிப்பார். "தோல் இருக்கை. சூடும் ஆகும், குளிரும் ஆகும்." அவள், "நம்ம வீட்டு ஹீட்டரே ஒழுங்கா சூடாகலை" என்பாள். "வானம் தெரியற கூரை." "வீட்டுக் கூரையிலயே தெரியுதே, சமையலறையில." இப்படியே போகும். வாங்கப் போகிறார் என்று அவள் நம்பவில்லை. வாங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்ததை மட்டும் நம்பினாள்.

இப்போது அந்த நம்பிக்கையிலும் ஓட்டை விழுந்தது.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் நேராக வண்டிக் கொட்டகைக்குப் போனாள். பழைய கார் ஒரு மூலையில் தூசி மூடிக் கிடந்தது. அதன் கிளச்சை மிதித்தால் அவளுடைய இடது முழங்கால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். அதனால் அவள் ஓட்டுவதை விட்டு வெகுநாளாகிவிட்டது. காலையில் அவர் மருத்துவமனை வாசலில் இறக்கிவிடுவார், மாலையில் வந்து ஏற்றிக்கொள்வார். அவர் போன பிறகு இரண்டு பேருந்து மாறி, முழங்காலைக் கையால் தூக்கி வைத்துப் படியேறிக்கொண்டிருந்தாள்.

அவள் தேடி வந்தது காரை இல்லை. கொட்டகைச் சுவரில் புதிதாக ஒரு கனத்த சாக்கெட் இருந்தது. அதற்கு வீட்டுக்குள்ளிருந்து விரல் தடிமனில் ஒரு கேபிள். அவர் இருக்கும்போது மின்பணியாளர் வந்து போட்டுவிட்டுப் போனது. என்னவென்று கேட்டதற்கு, "துளை போடற மெஷின் வாங்கப் போறேன்" என்றார். அவர் எதிலும் துளை போடவில்லை. அவள்தான் போட்டுக்கொண்டிருக்கிறாள் இப்போது, மனதில்.

வாயில் பெட்ரோல், சுவரில் கரண்ட். கூடவே ஒரு மேடம்.

மறுநாள், சனிக்கிழமை காலையில், மகன் வந்தான். அவன் பக்கத்து நகரத்தில் காப்பீட்டு நிறுவனத்தில் இருப்பவன். எதையும் கடைசி வரியிலிருந்து தொடங்கிப் பேசுவான்.

"எஸ்.யூ.வி.யே எடுத்துடும்மா."

"ஏன்?"

"அப்பாவோட ஆசை. என்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கார் தெரியுமா?"

"யார் ஓட்டுவா?"

"நான் வரும்போது நான் ஓட்டறேன்."

"நீ மாசத்துக்கு ஒருமுறை வர்றே. மத்த நாள்ல அதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணுமா நான்? மூணாவது வரிசை சீட் வேற இருக்காமே, அது யாருக்கு?"

"குடும்பத்துக்குத்தான்."

"எந்தக் குடும்பத்துக்கு? என்னோடதா, உன் மாமனாரோடதா?"

"அம்மா!" என்றான். அவன் முகத்தில் கோபத்தைவிட வலிதான் இருந்தது. அதை அவள் கவனித்தாள். ஆனாலும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சந்தேகம் வந்த கண்ணுக்கு எல்லாமே நடிப்பாகத் தெரியும்.

அடுத்தவள் நாத்தனார். கணவருக்கு ஒரே தங்கை, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். குள்ளமான உடம்பு. "இவ வண்டி ஓட்டினா வெளியில இருந்து பார்க்கறவங்க பேய் ஓட்டுதுன்னு ஓடுவாங்க" என்று அண்ணனே கேலி செய்வார். அண்ணன் முன்னால் வீடு அதிரச் சிரிப்பாள். அண்ணியிடம் மட்டும் அவள் சிரிப்பு அளந்துதான் வரும். கல்யாணமான புதிதில் ஏதோ ஒரு வார்த்தை தடித்துப் போயிற்று. என்ன வார்த்தை என்பது இருவருக்குமே மறந்துவிட்டது, தடிப்பு மட்டும் மிச்சம்.

அவர் இறந்த அன்று அவள் அண்ணியின் கண்ணைப் பார்க்கவே இல்லை. அதன் பிறகு வாரம் தவறாமல் தொலைபேசியில் ஒரே பாட்டு.

"கரண்ட் வண்டியே எடு அண்ணி."

"ஏன்?"

"சும்மாதான். நல்லா இருக்கும்."

"பெட்ரோல் வண்டிதான் உங்கண்ணன் ஆசைன்னு உன் மருமகன் சொல்றானே?"

"அவன் கிடக்கான். நான் சொல்றதைக் கேளு."

"சும்மா சொல்றதை எல்லாம் நான் கேட்கறதில்லை."

மறுமுனையில் பேருந்து எஞ்சின் உறுமிற்று. "பசங்க ஏறிட்டாங்க, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். எப்போதும் அப்படித்தான். ஏன் என்று கேட்டால் பசங்க ஏறிவிடுவார்கள்.

இவளுக்கு அந்த மேடத்தைத் தெரியும், தெரிந்துகொண்டே மூடி மறைக்கிறாள் என்று அவள் முடிவு கட்டினாள். கார் எதுவாக இருந்தால் என்ன? அவளுக்கு இப்போது வேண்டியது ஒரே ஒரு பதில். முப்பது வருஷம் அவள் யாரோடு வாழ்ந்தாள்? அது தெரியாமல் அந்த மனிதருக்காக அழக்கூட முடியவில்லை. அழுகை தொண்டைவரை வந்து, 'யாருக்காக?' என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனது.

அன்று மதியம் அவள் தனியாகப் போன ஷோரூம் முழுக்கக் கண்ணாடி. தரையில் தன் முகமே தெரிகிற பளபளப்பு. அழைத்தவர் கழுத்துப்பட்டியை இறுக்கிக் கட்டியிருந்தார். அவளைப் பார்த்ததும் அது இன்னும் இறுகியதுபோல் இருந்தது. கையோடு ஒரு தேநீரைக் கொண்டுவந்து நீட்டினார்.

"மேடம், அன்னிக்கு நான் ஏதோ தப்பா..."

"தப்பெல்லாம் இல்லை. அந்த அம்மா எப்படி இருந்தாங்க?"

"சரியா ஞாபகம் இல்லை மேடம்."

"கார் விக்கறவருக்கு ஞாபகம் இல்லாம இருக்குமா? சொல்லுங்க."

கழுத்துப்பட்டிக்காரர் வேறு விற்பனையாளர் யாராவது கண்ணில் படுகிறார்களா என்று பார்த்தார். யாரும் படவில்லை. "உங்க உயரம்தான் இருப்பாங்க. பெரிய கருப்புக் கண்ணாடி போட்டிருந்தாங்க. நல்லா சிரிச்சாங்க. சார் கையைப் பிடிச்சு ஏத்துவார், கையைப் பிடிச்சு இறக்குவார். ரெண்டு வண்டியிலயும் மாத்தி மாத்தி. நாங்க எல்லாரும் வேலையை விட்டுட்டுப் பார்த்தோம்."

"ஓட்டினது?"

"அந்த மேடம்தான். சார் பக்கத்துல உட்கார்ந்திருந்தார். போனவங்க திரும்பி வர ரொம்ப நேரமாச்சு."

கருப்புக் கண்ணாடி. சிரிப்பு. கையைப் பிடித்து ஏற்றுவது. மருத்துவமனை வாசலில் இறக்கிவிடும்போது, "பார்த்து இறங்கு" என்று ஸ்டியரிங்கிலிருந்து கையெடுக்காமல் சொல்கிறவரா இவர்? அவளுக்குத் தேநீர் கசந்தது. மூன்று கரண்டி சர்க்கரை போட்டிருந்தார்கள்.

"எலெக்ட்ரிக் காரைக் காட்டுங்க" என்றாள்.

ஷோரூம் வாசலில் நின்றது சாம்பல் நிறக் கார். பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை. கதவைத் திறந்தால் இருக்கை இடுப்புக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. கழுத்துப்பட்டிக்காரர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்தினார். அவள் உட்கார்ந்திருந்த இருக்கை தானாக முன்னால் நகர்ந்தது, உயர்ந்தது, முதுகுப் பக்கம் நிமிர்ந்தது. ஸ்டியரிங் கீழே இறங்கி வந்தது. பக்கக் கண்ணாடிகள் இரண்டும் பூனைக் காது மாதிரி திரும்பின. எல்லாம் ஓய்ந்தபோது அவள் அந்த இருக்கைக்குள் அச்சில் வார்த்ததுபோல் பொருந்தியிருந்தாள்.

"இது என்ன?"

"வந்து... அந்த மேடத்துக்கு சார் பதிஞ்சு வச்ச செட்டிங். அழிக்க வேண்டாம்னு சொல்லியிருந்தார். அதான் அப்படியே வச்சிருந்தோம்..."

அவளுக்கு உடம்பு கூசியது. இந்த வயதில் தேடிப் பிடித்தாரே, அதையும் அளவு மாறாமல் பிடித்திருக்கிறாரே! இன்னொருத்தியின் செருப்புக்குள் கால் விட்டதுபோல் இருந்தது. உடனே இறங்கிப் போயிருப்பாள். ஆனால் கார் நகர ஆரம்பித்திருந்தது. அவள் பாதம்தான் அழுத்தியிருக்க வேண்டும். சத்தமே இல்லாததால் அவளுக்கே தெரியவில்லை.

"சத்தம் போடாம கிளம்பற எதையும் எனக்குப் பிடிக்காது" என்றாள்.

"பழகிடும் மேடம்" என்றார் அவர், அவள் யாரைச் சொல்கிறாள் என்று தெரியாமல்.

தெருமுனை, பூங்கா, ரவுண்டானா. இடது காலுக்கு வேலையே இல்லை. அது ஒரு சிறு மேடையில் நீட்டிக்கொண்டு சும்மா இருந்தது. சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் அவள் அதைக் கவனித்தாள். முழங்கால் வலிக்கவில்லை.

"பெரிய வண்டியில அந்த அம்மா எப்படி ஏறினாங்க?" என்று திடீரென்று கேட்டாள்.

"அதுதான் மேடம் வேடிக்கை. இடது காலை மடக்காம ஏறுன்னு சார் சொல்லிட்டே இருந்தார். அந்த மேடம் மடக்கிட்டா, 'மடக்கிட்டே, மடக்கிட்டே, இறங்கு, மறுபடி ஏறு'ம்பார். ஏதோ விளையாட்டுன்னு நினைச்சோம்."

விளக்கு பச்சையானது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் நகரவில்லை.

லிஃப்டைச் சோதிக்கும்போது அவர் ஆட்களை ஏற்ற மாட்டார். ஆட்களின் எடைக்குச் சமமாக இரும்புக் கட்டிகளை அடுக்கி மேலும் கீழும் ஓடவிடுவார். "ஆள் ஏறறதுக்கு முன்னாடி சோதனை எடை ஏறணும்" என்பது அவர் தொழிலில் வேதம். வீட்டில் புது ஏணி வாங்கினால்கூட முதலில் அரிசி மூட்டைதான் ஏறும்.

அவள் உயரம். அவள் பருமன். சத்தமாகச் சிரிக்கிற, வெயிலில் பேருந்து ஓட்டுவதால் கருப்புக் கண்ணாடி போட வேண்டியிருக்கிற ஒருத்தி.

"மேடம், பச்சை" என்றார் கழுத்துப்பட்டிக்காரர் பரிதாபமாக.

பேருந்து நிற்கும் பணிமனையில் நாத்தனார் தன் பேருந்தின் படியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றி வைத்திருந்தாள். அண்ணி சாம்பல் நிறக் காரில் வந்து இறங்குவதைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். கையிலிருந்த சுளைகள் கீழே விழுந்தன.

"நீதான் அந்த மேடமா?"

நாத்தனார் காருக்குள் உட்கார்ந்திருந்த கழுத்துப்பட்டிக்காரரைப் பார்த்தாள். அவர் அவளை அடையாளம் கண்டு, நிம்மதியில் கையசைத்தார்.

"கல்லு அண்ணி நான், வெறும் கல்லு" என்றாள். "உன் பழைய செருப்பு எனக்குச் சரியா இருக்கும்ல, அதான் என்னைக் கூட்டிட்டுப் போனான். 'மடக்காதே, அவளுக்கு மடங்காது'ன்னு உயிரை வாங்கிட்டான். எஸ்.யூ.வி.ல ஏறி இறங்கி எனக்கே முட்டி போச்சு."

"என்னையே கூட்டிட்டுப் போயிருக்கலாமே?"

நாத்தனார் குனிந்து ஆரஞ்சுச் சுளைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"இப்ப எந்தப் பசங்களும் ஏறலை. சொல்லு."

"அவனுக்கு ரெண்டு தடவை மயக்கம் வந்துச்சு அண்ணி. ஒரு தடவை ஸ்டியரிங் பிடிச்சிருக்கும்போதே. டாக்டர் இனிமே வண்டியைத் தொடாதேன்னுட்டார். நீ ஏன்னு கேட்பேன்னு உன்னைக் கொண்டு விடறதை மட்டும் விடலை. உன் ஆஸ்பத்திரிக்குப் போனா சீட்டு உன் ஜன்னலுக்குத்தான் வரும்னு ஊருக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தான். முதல்ல வண்டியைப் பார்த்து வச்சுட்டு அப்புறம் உன்கிட்ட சொல்றேன்னான். அதுவரைக்கும் உனக்குச் சந்தேகம் வராம இருக்கத்தான் அந்த எஸ்.யூ.வி. பஜனை. எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டான். அவன் போனப்புறம், அவன் என்கிட்ட சொன்னான், உன்கிட்ட சொல்லலைன்னு எந்த வாயால வந்து சொல்றது? நீயே சொல்லு."

அவள் பேருந்துப் படியில் உட்கார்ந்தாள். ஊருக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். யாருக்கு எந்த வேளைக்கு எது என்று முகத்தைப் பார்த்தே சொல்கிறவள். தன் வீட்டு மாத்திரை எந்த ஜன்னலிலிருந்து வந்தது என்று தெரியாமல் எதிரே உட்கார்ந்து ரொட்டி தின்றிருக்கிறாள். சந்தேகப்பட்டது சரிதான். அவரிடம் ரகசியம் இருந்தது. ஆள்தான் வேறு.

"கோவமா அண்ணி?"

"ஆமாம்."

"என் மேலயா?"

"உன் மேல கொஞ்சம். அவர் மேல நிறைய." பிறகு, "அந்த ஆரஞ்சைக் கொடு. கீழே விழுந்ததை இல்லை" என்றாள்.

மறுநாள் ஞாயிறு. மகனையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு மறுபடி ஷோரூமுக்குப் போனாள். பணிமனையில் கேட்டதை வழியிலேயே மகனிடம் சொன்னாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "அப்போ என்கிட்ட சொன்ன ஆசையும் பொய்யா?" என்று கேட்டான். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான், மூணாவது வரிசை இருக்கையைப் பற்றிப் பேசியது அவளை உறுத்தியது. அவன் மண்டையில் ஒரு தட்டு தட்டினாள். அந்த வீட்டில் மன்னிப்பு கேட்பது அப்படித்தான்.

"அவர் எடை ஏத்திப் பார்த்துட்டார். ஆள் இன்னும் ஏறலை" என்று கழுத்துப்பட்டிக்காரரிடம் சொன்னாள். "பெரிய வண்டியைக் கொண்டாங்க."

உண்மையைச் சொன்னால், கோபத்தில் அந்த எஸ்.யூ.வி.யையே எடுத்துவிடலாம் என்ற எண்ணம் இரவெல்லாம் அவளுக்கு இருந்தது. எனக்காக நீ முடிவு செய்தாயா, இந்தா பார் என்று. ஏறுவது அவ்வளவு கஷ்டமாகவும் இல்லை. கைப்பிடியைப் பிடித்து, இடது காலை இழுத்துப் போட்டு ஏறிவிட்டாள். மேலே உட்கார்ந்தபோது தெருவே காலடியில் கிடந்தது. எஞ்சின் சிங்கம்போல் உறுமியது. தோல் இருக்கை சூடானது. வானம் தெரிந்தது. அவர் வாசித்ததில் ஒரு வரிகூட மிகையில்லை. மகன் பின்னாலிருந்து, "எப்படிம்மா?" என்றான். "ராணி மாதிரி இருக்குடா" என்றாள். நிஜமாகவே இருந்தது.

திரும்பி வந்து கதவைத் திறந்தாள். தரை எங்கோ இருந்தது. இடது கால் மடங்க மறுத்தது. வலது காலைக் கீழே விட்டால் உடம்பு முழுதும் இடது முழங்காலில் தொங்கும். ஒரு கை, யாரோ ஒருவருடைய ஒரு கை கீழே இருந்தால் போதும். மருத்துவமனை வாசலில், காலை நேரத்தில், யார் நிற்பார்கள்?

மகனும் கழுத்துப்பட்டிக்காரரும் ஒரே சமயத்தில் கையை நீட்டினார்கள். அவள் இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மகனுடைய கையைப் பிடித்து இறங்கினாள்.

"சாம்பல் வண்டி" என்றாள்.

கழுத்துப்பட்டிக்காரர் உற்சாகமாகச் சாம்பல் காருக்கு ஓடி, பொத்தானை அழுத்தி இருக்கையை முன்போல் கொண்டுவந்தார். "இருங்க" என்று அவள் அதை ஒரு விரலளவு பின்னுக்குத் தள்ளினாள். பிறகு இன்னும் கொஞ்சம். முதல்நாள் அச்சில் வார்த்ததுபோல் இருந்தது பதற்றத்தில் தோன்றியதுதான். ஸ்டியரிங் வயிற்றை லேசாக இடித்துக்கொண்டிருந்தது.

"உனக்கு எடுத்த அளவு" என்று நாத்தனாரிடம் சொன்னாள். "நான் அவ்வளவு குட்டை இல்லை."

"ஆமாமா, ஆறடி" என்றாள் நாத்தனார், இந்த முறை அளக்காமல் சிரித்து.

"மேடம், பக்கத்து இருக்கையிலயும் சார் ஒண்ணு பதிஞ்சு வச்சிருக்கார்" என்றார் கழுத்துப்பட்டிக்காரர். "அதை அழிச்சுடட்டுமா?"

அவள் பதில் சொல்வதற்குள் அவர் விரல் பொத்தானில் பட்டுவிட்டது. பக்கத்து இருக்கை மெதுவாகப் பின்னால் போனது. அதன் கோடி வரைக்கும் போனது, நீண்ட கால்களுக்கு இடம் விட்டு. பிறகு முதுகுப் பக்கம் சாய்ந்தது, சாய்ந்துகொண்டே போனது, தூங்குகிறவர்களுக்குச் சாய்கிற அளவுக்கு.

தான் இல்லாமல் போகப் போகிறோம் என்று அவர் கார் பார்க்கவில்லை. அவள் ஓட்ட, பக்கத்தில் கால் நீட்டிச் சாய்ந்து, "பார்த்து ஓட்டு" என்று சொல்லிக்கொண்டு வருவதற்காகப் பார்த்திருக்கிறார்.

"பாரு" என்றாள் அவள். குரல் அவள் பேச்சைக் கேட்கவில்லை. "தூங்கிக்கிட்டே வரத் திட்டம் போட்டிருக்கார், பாரு."

தொண்டைவரை வந்த அழுகை இந்த முறை எதையும் கேட்கவில்லை. மகன் அவசரமாக ஷோரூமின் வேறொரு காரைப் பார்க்கப் போனான். கழுத்துப்பட்டிக்காரர் தேநீர் கொண்டுவரப் போனார். நாத்தனார் சுற்றி வந்து அந்தச் சாய்ந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அவளுடைய குட்டைக் கால்கள் எதையும் எட்டவில்லை. எழுந்து நிமிர முயன்று, முடியாமல், ஆமை மாதிரி கிடந்தபடி பொத்தானைத் தேடினாள்.

"அண்ணி, இதை எப்படி நிமிர்த்தறது?"

"நிமிர்த்தாதே" என்றாள் அவள், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அப்படியே வா."